இரண்டாவது பெயர்

கப்பலில் ஓர் அறை பதிவு செய்யப் போனவன் ஒரு மாதமாக அதைச் செய்யாமலே திரும்பி வந்துகொண்டிருந்ததில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. இந்த இதழுக்கு நான் தருவதாகச் சொல்லியிருந்தது வேறு கட்டுரை. அதற்கான குறிப்புகள் மேஜைமேல் அப்படியே கிடக்கின்றன. ஒரு படிவத்தில் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம் வேறெதையும் யோசிக்க விடவில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. (இப்போது எங்களுக்கு இதைவிட நாகரிகமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலை அதேதான்.) நிரப்பாத கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டி ஜனங்களைத் திருப்பி அனுப்புவது பன்னிரண்டு வருஷமாக என் ஜீவனம். எனக்கு இது வேண்டியதுதான்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் உல்லாசக் கப்பல் கிளம்பியபோது அப்பா பேப்பரில் வந்த படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை மாடி பாருடா" என்றார். அவ்வளவுதான். நானும் அதை அப்போது விட்டுவிட்டேன். அப்பா கடைசியாகக் கப்பலில் இருந்தது 1965இல், பன்னிரண்டு வயதில், ரங்கூனிலிருந்து மெட்ராஸுக்கு. நே வின் 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மொகல் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் என் தாத்தா. கடையும் போய், கணக்கும் போய், சேர்த்து வைத்த நோட்டுகளும் காகிதமானபின் அங்கே இருக்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை. 2016 நவம்பரில், எங்கள் கிளையின் வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை நின்ற நாட்களில், ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பி நான் புலம்பியபோது, "எங்கப்பா இதைப் பார்த்தாச்சு" என்று மட்டும் சொன்னார் அப்பா.

1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்காவது வெ. சாமிநாத சர்மாவின் புத்தகம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு என் அலமாரியில் ஒன்றும் இல்லை. பீச் ரோட்டில் 1969இல் அவர்கள் போட்ட கடைகள் இருக்கின்றன. நம் நவீன இலக்கியம் பெரும்பாலும் ரயிலில் போய் ரயிலில் வருகிற இலக்கியம். கடலைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு அதற்குத் திருப்தி. 'புயலிலே ஒரு தோணி' போல ஒன்றிரண்டு விதிவிலக்குகளைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

போன வருஷக் கடைசியில் அப்பாவுக்கு இதயம் பலவீனமாக இருப்பது தெரிந்தது. பம்ப் செய்யும் சக்தி முப்பது சதவிகிதம் என்றார் டாக்டர். அதுவரை அப்பாவைப் பற்றி எனக்கு எந்தச் சதவிகிதமும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம் நான் ஏஜென்டைப் பார்க்கப் போனேன். மூன்று இரவு, சென்னையில் ஏறி, விடிகாலையில் சென்னையிலேயே இறங்குவது. இதில் என் பங்கு எவ்வளவு, அப்பாவின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்பா கேட்கவில்லை. "போலாமாப்பா?" என்று நான் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்.

இந்த 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை நாம் எவ்வளவு சாமர்த்தியமாக வைத்திருக்கிறோம்! கடன் கேட்பவனிடமும் பெண் கேட்டு வருபவரிடமும் கதை கேட்கும் பத்திரிகை ஆசிரியரிடமும் இதையே சொல்கிறோம். ஆமாம் என்று வைத்துக்கொள்ள நினைப்பவர் அப்படி வைத்துக்கொள்ளலாம். வாக்குத் தவறினாய் என்று யாரும் பிடிக்க முடியாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். "இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, அந்தச் சமயத்தில் பார்க்கலாம். நன்றாக இருந்தால் சர்டிபிகேட் தருகிறேன்." இரண்டு 'பார்க்கலாம்'களை எடுத்துக்கொண்டு நான் ஏஜென்டின் மேஜைக்கு முன் உட்கார்ந்தேன். அவரிடம் இருந்த படிவத்தில் அதற்கு இடமில்லை. பயணி ஒன்று, பயணி இரண்டு.

கப்பல் அறையின் கணக்கு எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொண்டபின் அதன்மேல் ஒருவித தொழில்முறை மரியாதை ஏற்பட்டது. விலை 'ஆளுக்கு இவ்வளவு' என்றுதான் விளம்பரத்தில் இருக்கும். ஆனால் அந்த ஆள் தனி ஆள் இல்லை; ஒரே அறையில் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு அதில் பாதியாக அவரைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் போனால் மற்ற பாதியையும் அவரே சுமக்க வேண்டும். சில கப்பல்களில் ஒன்றரை மடங்கு, பலவற்றில் முழுசாக இரண்டு மடங்கு. எங்கள் விஷயத்தில் கடல் தெரியும் அறைக்கு ஆளுக்கு 32,000 ரூபாய். நான் தனியாகப் போனால் 64,000. துறைமுக வரிகள் மட்டும் தலைக்கு. இல்லாத தலைக்கு அது கிடையாது. கப்பல் கம்பெனி விற்பது அறையை. அதில் எத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஊர் விட்டு ஊர் போகக் கப்பல் மட்டுமே இருந்த காலத்தில் விற்றது அறையை அல்ல, படுக்கையை. நாலு படுக்கை அறையில் ஒன்று உனக்கு. மற்ற மூன்றில் கம்பெனி யாரைப் போடுகிறதோ அவர்கள். கேதரின் ஆன் போர்ட்டரின் 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' நாவல் (1962) முழுக்க இந்த ஏற்பாட்டின்மேல்தான் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். 1931இல் மெக்சிகோவின் வெராகுரூஸிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் கப்பல். டேவிட், ஜென்னி என்ற காதலர்கள் கல்யாணமாகாதவர்கள்; ஆளுக்கொரு அறையில் அந்நியர்களோடு படுக்க வேண்டியிருக்கிறது. யூதனைக் கண்டால் ஆகாத ஒரு ஜெர்மன் பதிப்பாளருக்கு வாய்க்கும் அறைத்தோழர் ஒரு யூத வியாபாரி. அந்த நாவலைப் பெரிய உருவகமாகப் படிப்பது வழக்கம். எனக்கு என்னவோ, படுக்கை ஒதுக்கும் குமாஸ்தா ஒருவன் அதில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறான், கதையை நடத்துகிறவன் அவன்தான் என்று தோன்றும். அந்த ஏற்பாட்டில் வெறுப்பு இருந்தது, அசிங்கம் இருந்தது. ஆனால் ஒருவன் ஒருவனாகவே எண்ணப்பட்டான். உல்லாசக் கப்பல் வந்து ஜோடியை அடிப்படை அலகாக்கிவிட்டது. 2010இல் 'நார்வீஜியன் எபிக்' என்ற கப்பலில் தனியாளுக்கென்றே 128 சிறு அறைகள் கட்டினார்கள் என்பது செய்தியாக வந்தது. தனியாள் என்பது செய்தியாகிற அளவுக்கு அபூர்வம்.

"யார்னு முடிவு பண்ணலைன்னா பரவாயில்லை சார், இப்போதைக்கு யார் பேரையாவது போடுங்க. பணம் முழுசா கட்டுற தேதிவரைக்கும் ஒரு பேரை மாத்தலாம். ரெண்டையும் மாத்த முடியாது" என்றார் ஏஜென்ட். இது பொதுவான நடைமுறைதான். பதிவு செய்தவர்களில் ஒருவர் மாறாமல் இருந்தால் மற்றவரை மாற்ற விடுவார்கள். யார் பேரையாவது என்றதும் எனக்கு உடனே ஒரு நண்பர் நினைவுக்கு வந்தார். கவிஞர். கூப்பிட்டால் அரைமணியில் பையோடு வந்து நிற்பார். கப்பலில் மூன்று ராத்திரி அவரோடு பேசிக்கொண்டிருப்பது சுகமாகவும் இருக்கும். இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அப்பா வராமல் போனால் எப்படி நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறேன். படிவத்தை மூடிவைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். இப்படி நாலு தடவை.

என் தொழிலில் சந்தேகம் என்பதற்கு நாள் கணக்கு உண்டு. தவணை தொண்ணூறு நாள் நின்றால் கடன் வாராக்கடன். அந்த நிலையில் பன்னிரண்டு மாதம் கிடந்தால் அதற்குப் பெயர் 'சந்தேகத்துக்குரியது'. அதற்கும் அப்பால் ஒரு வகை இருக்கிறது; அதை எழுத விருப்பமில்லை. ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு சதவிகிதம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று விதி. ஒதுக்கிவைப்பது என்றால், இழப்பை அது வருமுன்பே பாதி ஏற்றுக்கொண்டுவிடுவது. நல்ல புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஏஜென்ட் சொல்லும் வழிகளும் அதேதான்: வேறு பெயர் போடு, இன்ஷூரன்ஸ் எடு (ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு அது பெரும்பாலும் செல்லாது என்பது சின்ன எழுத்தில் இருக்கிறது), ரத்துக் கட்டணம் ஏறுகிற தேதிகளைக் குறித்து வைத்துக்கொள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தப் புத்திசாலித்தனத்தின் வாடை எனக்குத் தெரிந்தது. நான் என் அப்பாவை வகைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. அப்பா, அம்மா இருவர் பேரிலும் எங்கள் கிளையிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற வகை. இறப்புச் சான்றிதழோடு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் அம்மாவின் பெயரை எடுத்துவிடலாம். நானே செய்யக்கூடிய வேலை. அப்பா இன்றுவரை விண்ணப்பம் தரவில்லை. "அது இருந்தா உனக்கு என்ன?" என்பார். பாஸ்புக்கில் ஒவ்வொரு வருஷமும் நானே என் கையால் இரண்டு பெயருள்ள முதல் பக்கத்தை இயந்திரத்தில் வைத்து அச்சடித்துக் கொடுக்கிறேன். மேலதிகாரி ஒருவர் ஒருமுறை கேட்டார். கொடுத்துவிடுவார் சார் என்றேன்.

ஐந்தாவது தடவை போனபோது ஏஜென்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். அவர் கையில் அது பலபேருக்குச் சொல்லித் தேய்ந்த யோசனை என்பது தெரிந்தது. "ஐயா பேரையே போட்டுடுங்க சார். கடைசியில அவரால வர முடியலைன்னா, தயவுசெஞ்சு கேன்சல் மட்டும் பண்ணாதீங்க. கேன்சல் பண்ணா உங்களைத் தனியாள்னு கணக்குப் போட்டுத் திரும்பக் கேப்பாங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னிக்கு நீங்க மட்டும் போய் ஏறிடுங்க. அவர் வரலை, அவ்ளோதான். அவரோட துறைமுக வரிகூடத் திரும்பி வந்துடும்."

விசாரித்துப் பார்த்தேன். எல்லாக் கம்பெனிகளிலும் இல்லாவிட்டாலும் பலவற்றில் இதுதான் நடைமுறை. ஜோடியில் ஒருவர் முன்கூட்டியே நின்றுவிட்டால் மிஞ்சியவரின் கட்டணத்தைத் திருத்துகிறார்கள். புறப்படும் நாளில் ஆள் வராமல் போனாலோ கட்டிய பணம் போனதோடு சரி; ஏறியவரை மேற்கொண்டு கேட்பதில்லை. 'வரமாட்டேன்' என்று சொல்வதைவிட வராமலே இருந்துவிடுவது லாபம். சொல்லாத வரைக்கும் பட்டியலில் இரண்டு பெயர். வாசல் மூடும்வரை அந்த இரண்டாவது ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இதை வேடிக்கையாக அப்பாவிடம் சொன்னேன். ராத்திரி சாப்பாட்டுக்குப்பின், உப்பில்லாத மோரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "எங்கக்கா அதைத்தான் பண்ணுச்சு" என்றார்.

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தது எனக்குத் தெரியும். பர்மாவிலேயே நின்றுவிட்டாள் என்பதும் தெரியும். நின்றுவிட்டாள் என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாம் முடிந்ததாக எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். அன்றைக்குத்தான் அது எப்படி நடந்தது என்று சொன்னார். கப்பலுக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து அத்தை வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வயது. தாத்தா ஆறு பேர் பெயரையும் கொடுத்திருந்தார். புறப்படுகிற நாள் காலை, ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு நேரே துறைக்கு வந்துவிடுகிறேன் என்று போனாள். துறையில் அதிகாரி பட்டியலைப் படித்தபோது மூன்று தடவை அவள் பெயரைக் கூப்பிட்டார். மூன்று தடவையும் அப்பத்தா, "வர்றா, வர்றா" என்று பதில் சொன்னது. தாத்தா வாய் திறக்கவில்லை. ஏணியைத் தூக்குகிறவரைக்கும் அப்பத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மேல்தளப் பயணம். அறை, படுக்கை ஒன்றும் கிடையாது. குடும்பத்துக்கு இவ்வளவு இடம் என்று தரையில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியது. அப்பத்தா ஆறு பேருக்குப் பாய் விரித்தது. கூட்டம் நெரித்த தளத்தில், கால் நீட்ட இடமில்லாமல் மற்றவர்கள் சுருண்டு கிடக்கும்போது, ஒரு பாய் அளவு இடத்தில் அத்தையின் தகரப் பெட்டியை வைத்து யாரையும் அண்டவிடவில்லை. பக்கத்துக் குடும்பம் சண்டைக்கு வந்தது. "எம்மக இடம்" என்று அப்பத்தா கத்தியதாம். நாலு ராத்திரி என்பார் அப்பா. சில சமயம் ஐந்து. அவர் கால் அந்தப் பெட்டியில் படுகிற தூரத்தில் படுத்திருந்தார்.

"அந்த இடத்துல நான் படுத்துக்கவான்னு கேட்டேன்டா ஒரு ராத்திரி. அடிச்சுது."

பர்மாக்காரர் ஒருவர் இருந்தார் என்று ஊரில் பின்னால் பேசிக்கொண்டார்கள். அப்பா அதை நம்பவில்லை. அக்காவுக்குக் கடலென்றால் பயம், அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. அறுபது வருஷமாக அதை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு கடிதங்கள் வந்தனவாம். அவற்றில் காரணம் எதுவும் இல்லை, எல்லாரையும் விசாரித்திருந்தாளாம்.

மெட்ராஸ் வந்தது விடியுமுன். ஹைகோர்ட் கோபுரத்தின் உச்சியில் அப்போது கலங்கரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. (1894இலிருந்து 1977வரை அதுதான் இந்த ஊரின் விளக்கு, பிறகு மெரினாவுக்குப் போயிற்று.) அதைத்தான் அப்பா முதலில் பார்த்தார். இறங்கியபின் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா குடும்பத்தை எண்ணினான். பட்டியலில் ஆறு, எதிரில் ஐந்து. சிவப்பு மையில் அத்தையின் பெயரை அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நூறு குடும்பங்கள் நின்றன, வேறென்ன செய்வான். ஆனால் அப்பத்தா அந்தக் காகிதத்தைப் பிடுங்கப் போய், போலீஸ்காரர் வந்து விலக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அந்தக் குமாஸ்தாவின் முகம் நினைவில்லை, பேனா நினைவிருக்கிறது.

கல்லூரியில் எங்களுக்கு கான்ராடின் 'தி சீக்ரெட் ஷேரர்' பாடம். சயாம் வளைகுடாவில் ஒரு கப்பல்; புதிதாகப் பொறுப்பேற்ற காப்டன், ராத்திரி நீந்திவந்து ஏணியைப் பிடித்துக்கொண்ட ஒரு கொலைகாரனைத் தன் அறையில் ஒளித்துவைக்கிறான். இரட்டை, நிழல், மனச்சாட்சி என்று பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். அது மிகவும் ஸ்தூலமான ஒரு கதை என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த அறை எல் வடிவத்தில் இருக்கிறது. கதவைத் திறப்பவன் கண்ணில் ஒரு பக்கம் படாது. அந்த மறைவான மூலைக்குத்தான் முழுக் கதையும். பட்டியலில் இல்லாத ஒருவன் அறையில் இருக்கிறான். அப்பத்தாவின் பாயில் நடந்தது இதற்கு நேர் எதிர். பட்டியலில் இருந்தவள் இடத்தில் இல்லை. இரண்டிலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் போகிறது. கான்ராட் தன் ஆளைக் கரைக்கு அருகே கொண்டுபோய் நீந்த விட்டுவிடுகிறார். அவன் தலையிலிருந்து விழுந்த தொப்பி தண்ணீரில் மிதந்து காப்டனுக்குத் திசை காட்டுகிறது. அது ஒரு நல்ல எழுத்தாளன் செய்துகொள்ளக்கூடிய சௌகரியம். அப்பத்தா அந்தத் தகரப் பெட்டியைச் சாகும்வரை வைத்திருந்தது. அதில் இப்போது எங்கள் வீட்டு கரண்ட் பில்லெல்லாம் கிடக்கிறது.

மறுநாள் லஞ்ச் நேரத்தில் போய் அப்பாவின் பெயரை எழுதினேன். பயணி ஒன்று என்ற கட்டத்தில் அவர் பெயர், இரண்டில் என்னுடையது. எந்தப் பெயரை முதலில் எழுதினாலும் கட்டணம் ஒன்றுதான் என்றார் ஏஜென்ட். முழுப் பணமும் கட்டிவிட்டேன். எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று அவர் அச்சடித்துக் கொடுத்த தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. அவர் வராமல் போனால் நான் ஏறுவேனா என்ற கேள்விக்கு என்னிடமும் 'பார்க்கலாம்' என்பதைத் தவிரப் பதில் இல்லை.

டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்பா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கப்பலைப் பற்றி நானாகப் பேச்செடுப்பதில்லை. நேற்று அவராகவே, அந்த அறை ஜன்னல் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் இருக்கும், கரைப்பக்கமா கடல்பக்கமா என்று கேட்டார். அந்த விளக்குதான் இப்போது அங்கே இல்லையே என்றேன்.

"அது தெரியும்டா. நான் கேட்டது ஜன்னல்" என்றார்.

ஏஜென்டிடம் கேட்டிருக்கிறேன்.